பத்திரேசுவரர் பள்ளத்தாக்கு

வியட்நாம் தேசத்தின் நடுப்பகுதியில், கடலோரத்து ஹோய் ஆன் நகரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், நாற்புறமும் மலைகள் வளைந்து நிற்க, நடுவே ஓர் ஓடை நெளிந்து ஓட, வெளியுலகத்தின் கண்ணுக்கு எளிதில் புலப்படாதவாறு ஒதுங்கிக் கிடக்கும் பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. அதற்கு இன்று வழங்கும் பெயர் மீ சோன். கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதி தொடங்கிப் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரையில், சம்பா தேசத்து மன்னர்கள் தலைமுறை தலைமுறையாக வந்து சிவபெருமானுக்கு ஆலயம் எடுத்த க்ஷேத்திரம் அது. அங்கோர்வாட்டைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் இன்று அரியர். ஆனால் அங்கோரில் அரசு ஏற்படுவதற்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்பே லிங்கப் பிரதிஷ்டை நடந்துவிட்ட இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி அறிந்தவர்கள் நம்மில் மிகச் சிலரே.

ஹோய் ஆனில் தங்குகிற யாத்திரிகர்களுக்கு மீ சோன் ஓர் அரைநாள் சுற்றுலாவாகத்தான் விற்கப்படுகிறது. காலை எட்டு மணிக்கு விடுதி வாசலில் பஸ் வந்து நிற்கும். கையில் சிறு கொடி பிடித்த வழிகாட்டி ஒருவர் ஆள் எண்ணி ஏற்றிக்கொள்வார். பிற்பகல் இரண்டு மணிக்குள் மறுபடியும் கொண்டுவந்து இறக்கிவிடுவார். கோயிலைப் பார்ப்பதற்கு இது தக்க வழி என்று நான் ஒருபோதும் கருதியவன் அல்லன். ஒரு சிற்பத்தின் முன் நின்று அதன் முகபாவம் நமக்குப் பிடிபடத் தொடங்கும் சமயம் பார்த்துக் கொடி அடுத்த வாசலுக்குள் நுழைந்துவிடும். ஆயினும், வழியும் தெரியாமல் பாஷையும் தெரியாமல், ஆங்கில எழுத்துக்களால் மட்டுமே பெயரிடப்பட்ட செங்கல் மேடுகளுக்கு நடுவே ஒருவன் தன்னந்தனியே அலைவதைக் காட்டிலும், இந்த ஊர்க்காரர் ஒருவரின் வாயால் கேட்டுக்கொண்டே நடப்பது மேல் என்று தோன்றியதால் நானும் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வழிகாட்டி ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்த மனிதர். அந்த மாகாணத்திலேயே பிறந்து வளர்ந்தவர். வெயிலில் கறுத்த முகமும், எந்நேரமும் ஒரு வேடிக்கையைச் சொல்லத் தயாராயிருந்த வாயும் கொண்டவர். பஸ்ஸில் ஐரோப்பியர்களே அதிகம். அவர்களுக்கு நடுவே மலேசியாவின் ஈப்போ நகரிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்த் தம்பதி என் கண்ணில் பட்டார்கள். கணவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அம்மையார் நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசி, கைப்பையை மடியில் அணைத்தவாறு, கோயிலுக்குப் போகிறோம் என்ற நினைவோடேயே உட்கார்ந்திருந்தார். அந்த பஸ்ஸில் அவ்வாறு உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தாம்.

சாலை நெல்வயல்களின் ஊடே போகிறது. பாதி வழியில் த்ரா கியூ என்ற ஊரை, "இங்கேதான் பழைய தலைநகரம் இருந்தது" என்ற ஒற்றை வாக்கியத்தோடு கடந்துவிட்டோம். சிம்மபுரம் என்று சாஸனங்கள் புகழும் பேரூர் அது. சம்பாவின் மிகச் சிறந்த சிற்பங்களில் பல அங்கேதான் மண்ணிலிருந்து கிடைத்தன. இன்று அங்குள்ள குன்றின் மேல் கிறிஸ்தவ தேவாலயம் ஒன்று நிற்கிறது. அரைமணி நேரம் நிறுத்தியிருக்கலாம். அரைநாள் சுற்றுலாவில் அரைமணி நேரம் யாருக்கும் மிச்சப்படுவதில்லை.

வாசலில் சீட்டுக் கொடுத்து, ஓடையின் மேலுள்ள பாலத்தைக் கடந்து, மின்சார வண்டியில் ஏறிக் காட்டு வழியே கொஞ்ச தூரம் போய், பிறகு மரநிழலில் நடக்கவேண்டும். தெற்கே உயர்ந்த மலையொன்று கூராக எழுந்து நிற்பதை வழிகாட்டி சுட்டிக்காட்டி, அதை இவ்வூரார் பூனைப்பல் மலை என்பார்கள் என்றார். கல்வெட்டுக்களில் மகாபர்வதம் என்று ஒரு மலை சொல்லப்படுகிறது. லிங்கம் போல் நிமிர்ந்த சிகரம், அதன் அடியில் வளைந்து ஓடும் நீர், அரண் போல் சூழ்ந்த குன்றுகள்: ஸ்தலம் தேடி வந்த அரசனுக்கும் அவனுடைய ஆசாரியருக்கும் இதைக் கண்ட மாத்திரத்தில் மேற்கொண்டு நடக்க மனம் வந்திராது.

அந்த அரசனின் பெயர் பத்திரவர்மன். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்டவன். தன் பெயரையும் ஈசுவரன் பெயரையும் சேர்த்துப் பத்திரேசுவரர் என்று லிங்கத்துக்கு நாமம் சூட்டினான். இராசராசேச்சரம், கங்கைகொண்ட சோழேச்சரம் என்று கேட்டுப் பழகிய நம் காதுக்கு இந்த வழக்கம் சிறிதும் புதிதன்று. ஆயினும் இராசராசன் பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்திருக்கிறது. பத்திரவர்மன் நாட்டிய சமஸ்கிருத சாஸனம் இதே பள்ளத்தாக்கில் கிடைத்தது. கிழக்கே இன்ன மலை, தெற்கே மகாபர்வதம், மேற்கே இன்ன மலை, வடக்கே பெரிய ஆறு என்று நான்கெல்லையும் வகுத்து, அதற்குட்பட்ட நிலத்தையும் குடிகளையும் இறைவனுக்கு ஒப்புவித்து, விளைவில் ஆறில் ஒன்றாக இருக்கவேண்டிய கடமையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து, அது கோயிலைச் சேரவேண்டும் என்று விதிக்கிறது அந்த சாஸனம். அத்தோடு நிற்கவில்லை. பின்னால் வரப்போகிறவர்களைப் பார்த்து, என்மேல் இரக்கம் கொண்டு நான் கொடுத்ததை அழிக்காதீர்கள் என்று மன்றாடுகிறான். அழிப்பீர்களாகில் நீங்கள் பிறவிதோறும் செய்த புண்ணியமெல்லாம் எனக்கும், நான் செய்த பாவமெல்லாம் உங்களுக்கும் ஆகும் என்று எச்சரிக்கிறான். நம்மூர்க் கல்வெட்டுக்களில் கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற பாவத்தைக் காட்டிப் பயமுறுத்துவார்களே, அதைவிட இது நுட்பமானது. கணக்கறிந்த ஒருவன் போட்ட ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்தை யார் யார் மீறினார்கள் என்பதுதான் மீ சோனின் சரித்திரம்.

முதலில் மீறியது நெருப்பு. பத்திரவர்மன் கட்டியது மரத்தாலான ஆலயம். இரண்டு நூற்றாண்டு கழியுமுன் அது எரிந்து போயிற்று. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் அரசேறிய சம்புவர்மன் அதைச் செங்கல்லால் மீண்டும் எடுப்பித்து, முன்னோன் பெயரை மாற்றாமலும் தன் பெயரை விட்டுவிட மனமில்லாமலும், சம்புபத்திரேசுவரர் என்று திருநாமத்தை நீட்டினான். அவன் காலத்திலேயே, கி.பி. 605இல், சீனத்துச் சேனாபதி லியு பாங் படையெடுத்து வந்து தலைநகரைச் சூறையாடி, முன்னிருந்த அரசர்களின் நினைவாக வைத்திருந்த 18 பொற்பலகைகளை வாரிக்கொண்டு போனான். பிறகு வடக்கேயிருந்து வியட்நாமியர், மேற்கேயிருந்து கம்போஜத்தார் என்று மாறி மாறி வந்தார்கள். சம்பாவும் சும்மா இருக்கவில்லை. 1177இல் அங்கோர் நகரையே கொள்ளையிட்டுத் திரும்பியது. ஒவ்வொரு போருக்குப் பின்னும் ஓர் அரசன் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து, இடிந்ததைக் கட்டி, இழந்ததைத் திரும்பக் கொடுத்து, ஒரு கல்வெட்டையும் நாட்டிவிட்டுப் போகிறான். பதினோராம் நூற்றாண்டில் நான்காம் ஹரிவர்மனும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜய ஹரிவர்மனும் செய்தது இதைத்தான். நம்முடைய வழக்கில் இதற்கு ஜீர்ணோத்தாரணம் என்று பெயர். மீ சோனில் அது எப்போதோ நடக்கும் திருப்பணியாக இராமல், அரசனாக இருப்பதன் இலக்கணமாகவே ஆகிவிட்டிருந்தது.

இங்கே கிடைத்த மற்றொரு சாஸனத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பிரகாசதர்மன் என்ற அரசன் கி.பி. 658இல் நாட்டியது அது. துரோணர் மகன் அசுவத்தாமனிடமிருந்து ஈட்டி ஒன்றைப் பெற்று வந்த கௌண்டின்யன் என்னும் அந்தணன் அதைப் பவபுரத்தில் நாட்டியதையும், நாகராஜன் மகள் சோமையை மணந்ததையும், அந்த வமிசத்தோடு தன் குலம் சம்பந்தம் கொண்டதையும் அது விவரிக்கிறது. பல்லவர்களின் சாஸனங்களைப் புரட்டியவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு திடுக்கிடல் உண்டாகும். அவர்களும் தங்கள் வமிசாவளியில் துரோணரையும் அசுவத்தாமனையும் வைத்தே பல்லவனுக்கு வருகிறார்கள். சோழன் நாகநாட்டு மங்கை பீலிவளையைக் கூடிய கதை மணிமேகலையில் உண்டு. கடலின் இரு கரையிலும் இருந்த அரசர்கள் ஒரே கதையைத் தங்கள் குலத்தின் முதல் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த ஒற்றுமைகளைச் சொன்னபோது ஈப்போ ஆசிரியருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அப்படியானால் இதெல்லாம் நம்ம சோழர்கள் கட்டினதுதானே?" என்றார். எனக்கும் ஆமென்று சொல்ல ஆசைதான். ஆனால் அது உண்மையன்று. இராசேந்திரனின் கடற்படை 1025இல் சென்றது ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும். சம்பாவைச் சோழர் ஆண்டதும் இல்லை, கட்டியதும் இல்லை. இங்கே கட்டியவர்கள் சாம் மக்கள். மலாய் மொழியோடு உறவுள்ள சாம் மொழியைப் பேசிய கடலோடிகள். நம் நாட்டிலிருந்து போன எழுத்தையும் மதத்தையும் வடமொழியையும் வாங்கி, தங்கள் மலைக்கும் மழைக்கும் தக்கபடி வளைத்துத் தங்களுடையதாக்கிக் கொண்டவர்கள். வெளிதேசத்தில் ஒரு லிங்கத்தைக் கண்டால் உடனே அதன்மேல் நம்முடைய கொடியை ஏற்றிவிடும் வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். பிறர் விரும்பி ஏற்றுக்கொண்டார்கள் என்பது, நாம் வென்று திணித்தோம் என்பதைவிட எவ்வகையில் நமக்குக் குறைந்த பெருமை?

மரநிழல் முடிந்ததும் சட்டென்று எதிரே நிற்பது பி, சி, டி என்ற மூன்று தொகுதிகளும் சேர்ந்த கோயிற்கூட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பள்ளத்தாக்கைக் காட்டுக்குள் கண்டுபிடித்த பிறகு, ஆன்றி பார்மாந்தியே என்ற சிற்ப சாஸ்திரி அளந்து, வரைந்து, 70க்கும் மேற்பட்ட கட்டடங்களுக்கு எழுத்தும் எண்ணும் இட்டு வைத்தார். மூலவரின் திருநாமம் தெரியாத இடத்தில் பி1 என்றும் சி1 என்றும் சொல்லித் திரிவது முதலில் மனத்துக்கு உவப்பாக இல்லை. ஆனால் பின்னால் நேர்ந்தவற்றை நோக்கும்போது அவர் போட்டு வைத்த அந்தப் படங்கள்தாம் இன்றைக்குப் பல கோயில்களுக்கு எஞ்சியிருக்கும் ஒரே உருவம் என்பதால், அவரை நான் மன்னித்துவிட்டேன்.

கோயிலின் அமைப்பை அறிய நமக்கு வழிகாட்டி வேண்டியதில்லை. நடுவில் கருவறை, அதன் மேல் அடுக்கடுக்காகக் குறுகிச் செல்லும் விமானம், எதிரில் வாயிற்கோபுரம், அதற்கு அப்பால், வழிபட வந்தவர்கள் தங்கி ஆயத்தம் செய்யும் நீண்ட மண்டபம், தென்கிழக்கில், சுவாமிக்குரிய பொருள்களை வைக்கும் கோசக்கிருகம். கருவறை மிகச் சிறியது. பூசை செய்பவர் மட்டுமே உள்ளே போகலாம். பி5 என்ற கோசக்கிருகத்தின் முன் நான் நெடுநேரம் நின்றேன். அதன் கூரை மாமல்லபுரத்துப் பீமரதத்தைப் போல நீண்டு கவிந்தது. ஆனால் நடுவில் தாழ்ந்து இரு முனையிலும் ஏறியிருக்கும் அதன் வளைவில் கடலோடிகளின் கை தெரிகிறது. சுவரில் அரைத்தூண்களுக்கு இடையே, சிறு தோரண வளைவுகளின் கீழ், கைகூப்பி நிற்கும் உருவங்கள். ஒரு சாளரத்தின் மேல் இரண்டு யானைகள் தென்னை மரமொன்றின் இருபுறமும் நின்று துதிக்கையைப் பின்னிக்கொண்டிருக்கின்றன. கல்லில் செதுக்கியதன்று இவையெல்லாம். செங்கல்லைச் சுவராக எழுப்பிய பிறகு, அந்தச் சுவரிலேயே உளி வைத்துச் செதுக்கியவை. ஓர் உருவத்தின் முழங்கை ஒரு செங்கல்லில் தொடங்கி அடுத்ததில் முடிகிறது. இடையிலுள்ள இணைப்பு மயிரிழைதான்.

அந்த மயிரிழையைப் பற்றித்தான் எல்லா வழிகாட்டிகளும் அதிகம் பேசுகிறார்கள். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சுண்ணாம்போ சாந்தோ கண்ணுக்குத் தெரிவதில்லை. பச்சைச் செங்கல்லை அடுக்கிக் கோயில் முழுவதையும் சூளை போலச் சுட்டார்கள் என்று ஒரு சாராரும், செங்கல்லை ஒன்றோடொன்று உரைத்து ஒட்டினார்கள் என்று மற்றொரு சாராரும் சொல்லி வந்தார்கள். இத்தாலிய நிபுணர்கள் ஜி தொகுதியைச் செப்பனிட்டபோது நடந்த ஆராய்ச்சியில், சுட்ட செங்கற்களை ஒரு மரப்பிசின் கலந்த பசையால் ஒட்டியிருப்பது புலனாயிற்று. நம் குங்கிலிய மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது. இந்தக் கடற்கரையார் மூங்கிற் பரிசல்களுக்குள் தண்ணீர் கசியாதிருக்க இன்றும் அதன் பிசினைத்தான் பூசுகிறார்கள். வழிகாட்டி எங்களை ஒரு சுவரின் அருகில் அழைத்துச் சென்று, "இதில் எது பழையது, எது புதியது?" என்று கேட்டார். பாசி பிடித்துக் கறுத்திருந்த பகுதியைப் பழையது என்று ஒருமுகமாகக் காட்டினோம். அவர் காத்திருந்தது அதற்குத்தான். ஆயிரம் ஆண்டுப் பழஞ்செங்கல் மாசின்றிச் சிவந்திருக்கிறது. எங்கள் காலத்தில் செப்பனிட்ட செங்கல்தான் சில மழைக்குள் பாசி பிடித்து உப்புப் பூத்துவிட்டது.

கூரையிழந்த ஒரு கோயிலின் நடுவே, ஆவுடையாரின் மேல் வானம் பார்த்து நின்றது ஒரு லிங்கம். வழிகாட்டி அங்கே வந்ததும் குரலை மாற்றிக்கொண்டு அப்பா அம்மா என்று ஏதோ சொல்ல, ஐரோப்பியர்கள் சிரித்தார்கள். இந்தச் சிரிப்புக்காகவே அந்த இடத்தில் நிறுத்துவார்கள் போலும். அடியில் சதுரமாகப் பிரம்மபாகமும், நடுவில் எண்பட்டையாக விஷ்ணுபாகமும், மேலே உருண்டையாக ருத்திரபாகமும் வைத்துச் சாம் ஸ்தபதிகள் லிங்கம் செய்த முறையைச் சொல்லியிருந்தால், அவர்களும் கேட்டு வியந்திருப்பார்கள். நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், ஈப்போ அம்மையார் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இங்கே பூசை எப்போ நடக்கும்?"

"பூசை நின்று பல நூறு வருஷம் ஆகிறதம்மா."

"நின்னா என்ன? சாமி அங்கேதானே நிக்குது" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துத் தான் இட்டுக்கொண்டு, எனக்கும் நீட்டினார். கூட்டம் அதற்குள் அடுத்த வாசலுக்குப் போயிருந்தது. சிரிப்பு யாருக்கும் வரவில்லை என்பதை மட்டும் குறிப்பிட வேண்டும். திரும்பிப் பார்த்த வழிகாட்டியும் கொடியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நாங்கள் வரும்வரை பொறுத்திருந்தார்.

இங்கிருந்து ஏ தொகுதிக்குப் போகும் வழியில் பெரிய குழிகள் சில உண்டு. புல் முளைத்து, மழைக்காலத்தில் நீர் தேங்கும் குழிகள். முதலில் அவற்றைக் கோயிற்குளங்கள் என்றே எண்ணத் தோன்றும். அவை வெடிகுண்டு விழுந்த பள்ளங்கள். வியட்நாம் யுத்தத்தின்போது கொரில்லாப் படையினர் இந்தப் பள்ளத்தாக்கில் மறைந்திருந்தார்கள் என்பதற்காக, 1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் பி-52 விமானங்கள் இங்கே குண்டு மாரி பொழிந்தன. 70 அடிக்கு மேல் ஓங்கி நின்றதும், கிழக்கும் மேற்கும் இரு வாயில்கள் கொண்டதும், சாம் சிற்பக்கலையின் சிகரம் என்று பார்மாந்தியே முதலியோர் கொண்டாடியதுமான ஏ1 என்ற பெருங்கோயில் அப்போது செங்கற் குவியலாயிற்று. பாரிஸ் நகரில் கிமே காட்சிசாலையைச் சேர்ந்த பிலிப் ஸ்தெர்ன் என்ற கலை அறிஞர் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸனுக்கு எழுதி முறையிட்டதன் பேரில், சாம் சின்னங்களைத் தவிர்க்கும்படி 1970 ஜனவரியில் உத்தரவு பிறந்தது. உத்தரவு வந்தபோது காக்கப்பட வேண்டியதில் பெரும்பகுதி காக்க முடியாததாகியிருந்தது. இன்று ஓரளவு உருவத்தோடு நிற்பவை ஏறக்குறைய 20 கட்டடங்களே. டி தொகுதியின் மண்டபத்தில், உடைந்த தேவ உருவங்களுக்குப் பக்கத்திலேயே, அந்தக் குண்டுகளின் இரும்புக் கூடுகளையும் வைத்திருக்கிறார்கள். பத்திரவர்மன் போட்ட ஒப்பந்தத்தின்படி அவனுடைய பாவமெல்லாம் எவர் கணக்கில் ஏறியிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

யுத்தம் முடிந்த பிறகும் பள்ளத்தாக்கு மண்ணுக்கடியில் கண்ணிவெடிகளோடுதான் இருந்தது. அவற்றை அகற்றும் வேலையில் உயிரிழந்தவர்களும் உண்டு. அந்த நிலையில், 1981இல், போலந்து நாட்டிலிருந்து வந்தார் காஸிமியெர்ஸ் குவியத்கோவ்ஸ்கி என்ற கட்டடக்கலைஞர். வியட்நாமியர் அவரைச் செல்லமாகக் காஸிக் என்று அழைத்தார்கள். வறுமையும் வெடியும் நிறைந்திருந்த அந்தக் காலத்தில் இங்கே வந்து தங்கி, விழப்போகும் சுவருக்கு முட்டுக் கொடுத்தும், விழுந்த செங்கல்லை இனம் பிரித்தும், பி, சி, டி தொகுதிகள் இன்று நாம் பார்க்கும் அளவுக்கேனும் நிற்கும்படி செய்தவர் அவர்தாம். 1997இல் ஹுவே நகரில், வியட்நாமியப் பணியின் நடுவிலேயே காலமானார். ஹோய் ஆனில் அவருக்குச் சிலை எடுத்திருக்கிறார்கள். அவர் சைவரும் அல்லர், சாம் மக்களுக்கு உறவினரும் அல்லர். ஆயினும் சம்புவர்மன், ஹரிவர்மன், ஜய ஹரிவர்மன் என்று திருப்பணி செய்தோரின் வரிசையை யாரேனும் எழுதுவார்களாகில், அதில் அடுத்த பெயராகக் காஸிக்கின் பெயரை எழுதுவதுதான் நியாயம் என்பது என் தீர்ப்பு.

அவருக்குப் பின் 1999இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஜி தொகுதியை இத்தாலியர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஏ, எச், கே தொகுதிகளைச் சீர்செய்யும் பொறுப்பை இந்தியத் தொல்லியல் துறை 2017இல் ஏற்று, ஆறு ஆண்டுக் காலம் உழைத்தது. அந்த வேலையின்போது, 2020 மே மாதத்தில், ஒரே கல்லாலான ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது. ஏ1 இருந்த இடத்தில் இன்று மேடும் பீடமும் சுவரின் அடிப்பகுதியுமே தெரிகின்றன. இருந்தது போல மீண்டும் முழுவதையும் எழுப்பிக் காட்டும் சபலத்துக்கு ஆளாகாமல், நிற்பதை நிற்கச் செய்வதோடு அமைந்தார்கள். அதுவே சரி. புதுச்செங்கல் எப்படிப் பூத்துப் போகிறது என்பதைத்தான் கண்ணால் கண்டுவிட்டோமே!

நேரம் பத்தரை ஆகிவிட்டது. வெயில் செங்கல்லில் பட்டுத் திரும்பி முகத்தில் அடித்தது. நடன அரங்குக்கு நேரமாயிற்று என்று வழிகாட்டி கொடியை உயர்த்தினார். அப்ஸரஸ் நடனம் என்ற பெயரில் நடப்பதைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. த்ரா கியூ பீடத்துச் சிற்பத்திலுள்ள நாட்டியப் பெண்களைப் பார்த்துப் பிற்காலத்தில் அமைத்துக்கொண்ட ஆட்டம் அது. ஆனால் அதற்கு முன் ஒரு முதியவர் சரணாய் என்ற குழலை ஊதினார். மூச்சை எங்கே இழுத்தார், எங்கே விட்டார் என்று தெரியாதபடி ஒரே ஸ்வரத்தை நீட்டிக்கொண்டே போய், கேட்பவர்களின் மூச்சு முட்டும் சமயத்தில் சட்டென்று விட்டார். "நம்ம நாயனம் மாதிரியே இருக்குதே!" என்றார் அம்மையார். கூட வாசித்த பாரனுங், கினாங் என்ற முழவுகளும் சாம் மக்களுடையவையே. ஊதியவரும் கொட்டியவர்களும் தங்கள் முன்னோர் இசையைத் தங்கள் முன்னோர் கோயிலின் வாசலில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சுற்றுலாக்காரர்களுக்காக வாசித்தார்கள் என்பதால் அதன் பெறுமானம் குறைந்துவிடாது.

சாம் மக்கள் மறைந்துவிட்டார்கள் என்று பல புத்தகங்கள் எழுதுவது தவறு. 1471இல் விஜயா என்ற தலைநகர் வியட்நாமியரிடம் வீழ்ந்தது. தெற்கே எஞ்சியிருந்த பாண்டுரங்கம் 1832இல் முற்றாக இணைக்கப்பட்டது. அரசு போயிற்றே தவிர ஜனங்கள் போகவில்லை. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வியட்நாமில் 1,78,000க்கு மேற்பட்ட சாம் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் பலர் இஸ்லாத்தைத் தழுவியவர்கள். பலாமோன் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் மற்றொரு பிரிவினர், பான் ராங் நகரத்துக்கு அருகில் போ குலோங் கராய் ஆலயத்தில் முகலிங்கத்துக்கு இன்றும் வழிபாடு செய்து, ஆண்டுதோறும் கேட் என்னும் திருவிழாவை எடுக்கிறார்கள். மீ சோனில் நின்ற பூசை அங்கே நிற்கவில்லை. இதை வழிகாட்டி மூலமாக அறிந்தபோது அம்மையார் அந்த ஊர் எவ்வளவு தூரம் என்று விசாரித்தார். பல மணி நேரப் பிரயாணம் என்றதும் கணவரின் முகத்தைப் பார்த்தார். ஆசிரியர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடனம் முடிந்ததும் எங்களில் பலர் வண்டி நிற்கும் இடத்துக்கே நடையைக் கட்டினார்கள். ஈ, எப், ஜி தொகுதிகள் பாக்கி. வழிகாட்டி தயங்கினார்; நாங்கள் மூவர் மட்டும் வற்புறுத்திக் கேட்டதன் பேரில், இருபது நிமிஷம் என்று சொல்லி அழைத்துப் போனார். ஜய ஹரிவர்மன் 1157இல் எடுத்த ஜி1 ஆலயம் ஒரு சிறு குன்றின்மேல் இருக்கிறது. அதன் அதிஷ்டானத்தைச் சுற்றிலும் சுட்ட மண்ணாலான காலமுகங்களை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். பிதுங்கிய கண்ணும், பரந்த மூக்கும், இளித்த பல்லுமாக, நம் கோயில் தோரணங்களின் உச்சியிலிருக்கும் கீர்த்திமுகத்தின் தம்பிகளைப் போல அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கோபத்தோடு பார்க்கின்றன. அந்த இருபது நிமிஷத்தில் அங்கே எங்களைத் தவிர வேறு ஒருவரும் இல்லை.

அன்று பிற்பகலே ஒரு காரைப் பிடித்துத் தா நாங் நகரத்துக்குப் போய், 1919இல் திறக்கப்பட்ட சாம் சிற்பக் காட்சிசாலையைப் பார்த்தேன். காலையில் வெறும் செங்கல்லாகக் கண்டதற்கெல்லாம் உயிர் அங்கே இருந்தது. சி1 கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்ட சிவபெருமான் ஆளுயரத்துக்கு நிற்கிறார். ஈ1 கோயிலின் மணற்கல் பீடம் முழுவதையும் ஒரு கூடத்தில் அமைத்திருக்கிறார்கள்; குகையில் தவமிருக்கும் முனிவர், குழல் ஊதுபவர், களைத்துப் படுத்தவரின் உடம்பைப் பிடித்துவிடுபவர் என்று ஆசிரம வாழ்க்கையே அதில் ஓடுகிறது. அதே கோயிலின் வாயில் நெற்றியில் இருந்த கல்லில், அரவணையில் பள்ளிகொண்ட திருமாலின் உந்திக் கமலத்திலிருந்து நான்முகன் தோன்றுகிறான். காடாய்க் கிடந்த இடத்திலிருந்து இவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்து வந்தது அந்நாளில் அநீதியாகத் தோன்றியிருக்கலாம். 1969க்குப் பிறகு அதை யாரும் அநீதி என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

ஆகவே மீ சோனுக்குப் போக எண்ணும் தமிழன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் போங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் வெள்ளமும் அதிகம். முதல் நாளே தா நாங் காட்சிசாலையைப் பார்த்துவிடுங்கள். பார்த்தவர்களுக்கு அந்தச் செங்கற்சுவர்கள் வெறுஞ்சுவராகத் தோன்றா. விடியற்காலையில் புறப்படும் பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள். நடனத்தைத் தவறவிட்டாலும் பாதகமில்லை. ஜி தொகுதிக்கு நேரமில்லை என்று வழிகாட்டி சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கேட்டால் அழைத்துப் போகிறார்கள்.